டைட்டிலில் ஒரு சிரிப்பு

டிவி தொடர்களுக்கு டைட்டில் வெட்டுவதில் கத்தரிக்கு நிகர் கத்தரிதான். அந்த எடிட்டருக்கு இந்தப் பட்டப்பெயரை வைத்ததே சேனல்காரர்கள். ஆண் என்றால் கேமராவை நோக்கி நடந்து வரவேண்டும், வந்து கையைக் கட்டிக்கொண்டு முறைக்க வேண்டும். பெண் என்றால் கூந்தல் பறக்கத் திரும்ப வேண்டும், திரும்பிச் சிரிக்க வேண்டும். அவள் கலெக்டரானாலும் சரி, கொலைகாரியானாலும் சரி, அவனிடம் அதுதான் சட்டம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டிவிடுவான்.

இந்தத் தடவை கதாநாயகி அவனுடைய சொந்த அக்கா. இத்தனை வருடமாக மருமகள் வேடத்தில் அழுது அழுதே கிளிசரின் வியாபாரியை வாழவைத்தவளுக்கு, முதல்முறையாகத் தீயணைப்பு நிலைய அதிகாரி வேடம். ஏணி ஏறிப் பழகி அவள் உள்ளங்கை உரிந்து கிடந்ததை அவன் பார்த்திருக்கிறான். "மூஞ்சியைப் பார்த்தாலே நெருப்பு பயப்படணும்டா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

கத்தரி எல்லாக் காட்சிகளையும் ஓட்டிப் பார்த்தான். ஏறுகிறாள், குழாயைப் பிடிக்கிறாள், அதட்டுகிறாள். ஒன்றிலும் சிரிப்பில்லை. கடைசியில், இயக்குநர் 'கட்' சொன்ன பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டு சிக்கியது. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள், முடி சரிகிறது, யாரோ கூப்பிடத் திரும்பிச் சிரிக்கிறாள். அவனுக்கு வாயெல்லாம் பல். அதை மெதுவாக ஓடவிட்டு, புல்லாங்குழலையும் சேர்த்து, அக்காவின் பெயர் வரும் இடத்தில் வைத்துவிட்டான்.

முதல் பகுதி ஒளிபரப்பானதும் அக்கா போன் செய்தாள்.

"டைட்டில்ல நான் எதுக்குடா இளிச்சுக்கிட்டு நிக்கிறேன்? யாரு போடச் சொன்னது?"

"சேனல்ல கேட்டாங்கக்கா. நான் என்ன பண்றது?" என்றான் வாய் கூசாமல். சொன்ன பிறகுதான் கூசியது.

அக்கா சும்மா இருக்கிற ஆளா? நேரே சேனல் மேலாளரின் அறைக்குப் போய் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். "நாங்க எதுவும் கேக்கலையேம்மா" என்று அவர் சொன்னதை அவள் நம்பவே இல்லை. பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தாள். சீக்கிரமே மேலாளரின் கைங்கரியத்தில் கதை திரும்பியது. தொடரில் அக்காவுக்குக் கால் முறிந்தது, கல்யாணம் ஆனது, வேலை போனது. அவள் நாற்காலியில் புதுக் கணவன் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கத்தரி பலமுறை போனை எடுத்தான்; எடுத்த வேகத்தில் வைத்தான். அக்காவின் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டது தன் கைதான் என்ற நினைப்பில் சாப்பாடு இறங்கவில்லை. டைட்டிலை மாற்றி வெட்டும் வேலையும் அவன் தலையிலேயே விழுந்தது.

கணவனை நடக்கவிட்டு, கையைக் கட்டவிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா எடிட்டிங் அறைக்குள் வந்தாள். திரையைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுடா, போகட்டும். அத்தனை பேரும் பூசி மெழுகினாங்க. நீ ஒருத்தன்தான் எங்கிட்ட உண்மையைச் சொன்னே."

அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"யாரும் கேக்கலக்கா. நானேதான் வச்சேன்."

அக்கா திரையில் கையைக் கட்டி நின்றவனையே பார்த்தாள். கத்தியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் ஏணி ஏறினது இருந்துச்சு. தண்ணி பீச்சினது இருந்துச்சு. அத்தனையும் விட்டுட்டு அதை ஏன்டா எடுத்தே?"

"எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தேன்க்கா," என்றான் அவன், தலையைத் தூக்காமல். "பொம்பளைக்குன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."