காரணம் என்னும் கட்டம்

பண்ணையின் பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம் உண்டு. சினை பிடிக்காத ஆட்டுக்கு நேராக அதில் ‘பரம்பரை’ அல்லது ‘சூழல்’ எனப் பதிவாளர் எழுதுதல் வேண்டும். பரம்பரை எனில் அந்த ஆடும் அதன் பெட்டைக்குட்டிகளும் இறைச்சிக்குப் போகும். சூழல் எனில் இடமும் தீனியும் மாற்றி மேலும் ஒரு பருவம் பார்ப்பார்கள்.

பண்ணையில் மந்தை மேய்ப்பவள் எல்லோருக்கும் அக்கா. அவள் சீமாட்டி என்று பெயரிட்ட ஆடு மூன்று ஈத்திலும் இரட்டைக் குட்டிகளை ஈன்றது. அதன்பின் இரண்டு பருவங்கள் வெறும் வயிறாகவே நின்றது.

“தம்பி, தகரக் கொட்டகைக்கு மாத்தினதிலிருந்துதான் அவ இப்படி.”

“ஆட்டுக்கு ஏசி ரூம் போடணுமாக்கா?” என்று பதிவாளர் சிரித்தார். ஏடறியாதவள் தமக்குப் பாடம் எடுப்பதா என்ற வீம்பு. ‘பரம்பரை’ என்று எழுதி, அழுத்தமாக அடிக்கோடும் இட்டார். சீமாட்டி லாரி ஏறியது. அதன் கடைசிப் பெட்டைக்குட்டியை மட்டும் எடை கூடட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள்.

அடுத்த பருவத்தில், அதே கொட்டகைக்கு மாற்றப்பட்ட பதினொரு ஆடுகளுள் ஒன்பது சினை பிடிக்கவில்லை. பதினொன்றும் வெவ்வேறு தாய்வழி. தலைக்கு மேல் கொதித்த தகரம் மட்டுமே பொது. பதிவாளர் ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். சீமாட்டியை இடம் மாற்றிய தேதி அங்கே இருந்தது, அவருடைய கையெழுத்திலேயே.

வெளியே லாரி உறுமியது. அதில் சீமாட்டியின் குட்டி நின்றது. பதிவாளர் ஏட்டுடன் ஓடினார்.

“அதை இறக்குப்பா.”

“ஏத்தச் சொன்னதும் நீங்க, இறக்கச் சொல்றதும் நீங்களா சார்? எழுத்துல குடுங்க,” என்றார் ஓட்டுநர்.

லாரியின் முகப்பிலேயே ஏட்டை விரித்து, குட்டியின் வரியில் இருந்த ‘பரம்பரை’யை அடித்துச் ‘சூழல்’ என்று எழுதினார். அக்கா குட்டியை மரநிழல் பட்டிக்கு ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“அதோட அம்மாவுக்கும் திருத்திடு தம்பி.”

“அவதான் போயிட்டாளே அக்கா.”

“அவ போயிட்டா. பழி இங்கதானே இருக்கு.”

பதிவாளர் பக்கத்தைத் திருப்பி, ‘சூழல்’ என்று சிறிதாக எழுதினார். பழைய சொல்லை அடித்துவிடலாம். அன்று அழுத்தி இட்ட அடிக்கோடோ, அடுத்த மூன்று தாள்களிலும் பள்ளமாகப் பதிந்திருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தாள்.