செல்வநாதன் எஞ்சினைத் திறக்குமுன்

1

வாரப் பத்திரிகையில் ஒரு மோட்டார்க் கதை கேட்டார்கள். சண்டைக் காலம் முழுக்கப் பெட்ரோல் இல்லாமல் கொட்டகையில் கிடந்த ஒரு காரை நினைத்தேன். அதற்குள் யாராவது எதையாவது ஊற்றியிருந்தால் என்ன ஆகும் என்று அடுத்துத் தோன்றியது. கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஆட்களைப் பிடித்துவந்து சேர்த்தது.

முதல் தொடக்கம்: ‘பந்தயக் காரின் சிவந்த மேனி அந்தி வெயிலில்—’

கொட்டகைக் கோழிகளின் எச்சத்தில் சிவப்பு தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘1946, வரதராஜன்பேட்டை. பர்மாச் சண்டையிலிருந்து திரும்பிய செல்வநாதன், தன் இரண்டு இருக்கைப் பந்தயக் காரின் பானெட்டைத் தூக்கினான்.’

இது நிற்கும்.

[கடலைக்காய் விளைவிக்கும் வீட்டுக்கு இந்தக் கார் எப்படி வந்தது? ஊர் திரும்பிய வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினீயர் விட்டுப்போனார். இதைவிட நல்ல வழி தோன்றினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.]

2

அவன் அப்பா அமிர்தசாமி கொட்டகை வாசலில் நின்றார்.

“எஞ்சின் நல்லா இருந்தா அரியலூர்ல பட்டறை போட்டுக்க, நான் தடுக்கல. செத்துப்போயிருந்தா எடத்தைக் காலி பண்ணிட்டு வயலைப் பாரு. கன்னுக்குட்டி மழையில நனையுது.”

“பாத்துட்டுச் சொல்றேம்ப்பா.”

“இன்னிக்கே பாரு.”

3

எஞ்சினைச் சோதிக்க ஒரு வரிசை உண்டு. செல்வநாதன் ராணுவ லாரிகளில் கற்றது. நான்கு பிளக்கையும் கழற்றி, துளைக்குத் துளை கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்தான். பிறகு எஞ்சினைக் கையால் சுழற்றும் ஹாண்டிலை அப்பாவிடம் கொடுத்துச் சுற்றச் சொன்னான். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு முனகலோடு சுற்றியது. துளையில் கட்டைவிரலை வைத்தான். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளியது. நான்கிலும் அப்படியே.

“நல்ல தம் இருக்குப்பா!”

“எனக்கு இல்லடா” என்று ஹாண்டிலை விட்டுவிட்டு உட்கார்ந்தார் அமிர்தசாமி.

[இந்த இடத்தில் அவன் மனசு அரியலூர் ஸ்டேஷன் ரோட்டில் பலகை மாட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு பத்தி எழுதி—]

கடைசியாகக் காருக்கு அடியில் படுத்து, எண்ணெய்த் தொட்டியின் நட்டைத் திருகினான். முதலில் தண்ணீர் வந்தது. ஒரு செம்பு இருக்கும். அதன்பிறகுதான் எண்ணெய்.

அவன் எழுந்திருக்கவில்லை. எண்ணெய்க்குள் தண்ணீர் என்றால், எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கில் விரிசல் விட்டு, குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்றுதான் ராணுவத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.*

“போச்சுப்பா. பிளாக் விரிஞ்சிருக்கு. பர்மாவுல இப்படி ஆன லாரியைப் பள்ளத்துல தள்ளிட்டு நடந்தோம்.”

“இங்க பள்ளம் கிடையாது. மாட்டைப் பூட்டி இழுக்கிறேன்.”

* ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, குறைகிறதா என்று பார்த்தாலே விரிசல் இல்லையென்று தெரிந்துபோகும். அதனால்தான் ரேடியேட்டரைக் களிம்பேற வைத்து அடியில் ஓட்டை போட்டேன். அவனுக்கு நான் செய்த அநியாயம்தான்.

4

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவன் அம்மா மரிய புஷ்பத்துக்குத் தெரியும். அவள்தான் ஊற்றினாள். மகனிடமிருந்து கடிதம் வராத மாதமெல்லாம் ஏலாக்குறிச்சி மாதா கோயில் தீர்த்தம் கொண்டுவந்து, எஞ்சினில் எண்ணெய் விடும் வாயைத் திறந்து ஊற்றினாள். மேலே தெளித்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை. மகன் உயிராய் வைத்திருந்த பொருள். அதற்கு மூடியோடு ஒரு வாயும் இருந்தது. வாயில் ஊற்றுவதுதானே முறை.

இவளை அசடாக எழுதிவிடுவேனோ என்று பயந்தேன். அப்படி இல்லை. அசடாக இருந்தால் அப்போதே “ஐயோ, அது நான் ஊத்துனதுடா” என்றிருப்பாள். இவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறாள். சொன்னால் எஞ்சின் பிழைக்கும், மகன் அரியலூர் போய்விடுவான். சொல்லாவிட்டால் வயலில் இருப்பான், ராத்திரி தன் கையால் சாப்பிடுவான். ஒரு தடவை அவனை அனுப்பிவிட்டு இருந்து பார்த்தவள் அவள்.

5

முதல் முடிவு: சொல்லிவிடுகிறாள். கார் புகை கக்கிக்கொண்டு புறப்படுகிறது. பத்திரிகைக்குப் பிடிக்கும்.

இரண்டாம் முடிவு: சொல்லவில்லை. கன்றுக்குட்டி நனையாமல் படுத்து—

இதை எழுதும்போது அமிர்தசாமி மாட்டைப் பூட்டிவிட்டார். செல்வநாதன் கயிற்றைக் காரின் முன் அச்சில் கட்டினான். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் கட்டினான். நிலையைப் பிடித்திருந்த அம்மா அதைப் பார்த்தாள்.

“தொறந்துதான் பாரேன்டா” என்றாள்.

நான் எழுதிக்கொடுத்த பேச்சு இல்லை இது.

“என்னத்தம்மா?”

“எஞ்சினைத்தான். விரிஞ்சிருக்கா இல்லையான்னு கண்ணால பாக்காமயே பொணத்தைத் தூக்குவியா?”

“ஒனக்கு என்னடி தெரியும் எஞ்சினைப் பத்தி? போயி அடுப்பைப் பாரு!” என்றார் அமிர்தசாமி.

செல்வநாதன் கயிற்றை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

“அம்மா, ஒனக்கு என்ன தெரியும்?”

அவள் பதில்: “                    ”

இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதுமுன், நாளைக்கு எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று மட்டும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.