அவரைக்கு அடித்த மருந்து

அன்று காலை முனிகிருஷ்ணன் டைரியில் எழுதிய வரி இது: "அவரைக்கு வேப்பெண்ணெய் தெளித்தேன். காபியில் சர்க்கரை கம்மி. கேட்டதற்கு எல்லம்மா முறைத்தாள்." பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மோட்டார் போடப் போனவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எலெக்ட்ரானிக் சிட்டி சிக்னலிலேயே உயிர் போய்விட்டது. 2007 டிசம்பர்.

அந்த டைரி விவசாய இலாகாவுக்காக வைத்தது. சர்ஜாபுரம் பக்கம் அவருக்கும் மனைவி எல்லம்மாவுக்கும் இருந்த ஒன்றரை ஏக்கரை இயற்கை விவசாயச் சான்றுக்குப் பதிந்திருந்தார்கள். மூன்று வருஷம் ரசாயன உரமோ மருந்தோ படாமலிருந்தால் சான்று கிடைக்கும்; அதுவரை ஆய்வுக் கட்டணத்தை இலாகா ஏற்கும். நடுவில் மருந்து பட்டால், பட்ட நிலத்துக்கு மறுபடி முதல் வருஷம். கட்டணமும் கைக்காசு.

வயலில் நடப்பதை எழுதச் சொன்னால் முனிகிருஷ்ணன் வீட்டில் நடப்பதையும் சேர்த்து எழுதுவார். "இன்னாய்யா, கவர்மெண்ட் நோட்டுல என் மூஞ்சியப் பத்தி எழுதிக்கீறே?" என்று எல்லம்மா சண்டை போட்டதும் அதில் இருந்தது, தேதியோடு.

ஜீவனஹள்ளியில் அவர் அண்ணன் வீட்டில் காரியமெல்லாம் முடித்துப் பதினேழாம் நாள் அவள் திரும்பினாள். அவரையில் ஒரு புழு இல்லை. காற்றில் மருந்து நெடி. பக்கத்துத் தோட்டத்து நாணு பெருமையாக வந்து நின்றார்.

"ஒரே புழு தங்கச்சி. நீ கீற நெலமையில எங்க பாப்பே? நானே ரெண்டு டேங்க் அடிச்சு உட்டேன்."

எல்லம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் வருஷ ஆய்வுக்கு இன்னும் பத்து நாள்தான். விஷயம் புரிந்ததும் நாணுவின் முகம் தொங்கிப்போயிற்று.

"எழுதாத தங்கச்சி. யாருக்குத் தெரியப் போவுது? நான் செத்தாலும் சொல்லமாட்டேன்."

எழுதாமல் விட்டுவிடத்தான் அவளுக்கும் ஆசை. அவர் மூன்று வருஷம் காத்திருந்த காகிதம் அது. மத்தியானம் டைரியைப் புரட்டினாள். முதல் வருஷத்துப் பக்கம் ஒன்றில், "நாணு அண்ணன் யூரியா மூட்டையை நம் வண்டியில் ஏற்றினார். சிந்தவில்லை. இருந்தாலும் வண்டியைக் கழுவினேன்" என்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அவர் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: "நாணு அண்ணன் அவரைக்கு மருந்து அடித்தார். அன்பால் அடித்தார். எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் உண்டு."

ஆய்வுக்கு வந்த சிவசங்கரன் அதை இரண்டு தரம் படித்தார்.

"அவரை அரை ஏக்கர் மறுபடி மொதல்லேருந்துமா. அதுக்கு உதவி வராது. மத்த ஒரு ஏக்கருக்குச் சான்று எழுதறேன். இந்த நாணு தோட்டத்துப் பக்கம் வேலியா அகத்தி நட்டு வைங்க, மருந்து தாண்டி வராது."

அகத்திக் கன்றுகளை நாணுவே வாங்கிவந்து நட்டார். அதன்பிறகு அவள் பக்கம் கால் வைக்குமுன் எதற்கும் உத்தரவு கேட்டார். "தும்மலாமா தங்கச்சி?"

"வாயப் பொத்திக்கினு தும்முண்ணா."

அகத்தி இப்போது தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. கிணற்றடியில் மட்டும், நாணு வந்துபோக, இரண்டு கன்று நடும் இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.