நான்காம் சுற்றுக் கறி

சனிக்கிழமை மதியம், கந்தினா என்கிற அந்த மதுக்கடையின் சமையலறையில் ஒதிலியா ஆட்டுக்கறிப் பானையின் மூடியைச் சுற்றி இறுகியிருந்த சோளமாவைக் கத்தியால் சுரண்டினாள். ஆவி வெளியேறக் கூடாது என்றுதான் அந்த மாவுப் பூச்சு. உள்ளே போன ஈரம் உள்ளேயே சுழன்றால்தான் மிளகாய் விழுது எலும்புவரை இறங்கும். மூடி திறந்ததும் மணம் கூடம்வரை போனது. ஆனால் மணத்தோடு கறி போகாது. கறி நான்காவது சுற்றுக்குத்தான்.

அந்தக் கடையில் சாப்பாட்டுக்கு விலையில்லை. மேசையில் இருப்பவர்கள் ஒரு சுற்று குடித்தால் ஒரு தட்டு வரும். எல்லோரும் பகிர்ந்து தின்னலாம். எந்தத் தட்டு எப்போது என்பதில்தான் கடையின் பிழைப்பே இருந்தது. முதலில் காய்ந்த இறால் போட்ட சூப். அதன் உப்பு தாகத்தைக் கிளப்பும். அடுத்தது, எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் பிசறிய வேர்க்கடலை. கை சும்மா இருக்காது, வாய் எரியும், குவளை காலியாகும். மூன்றாவது, காடியில் ஊறிய பன்றித்தோல். புளிப்பு பசியைத் தூண்டிவிடும். அந்தப் பசியைப் பிடித்து நிறுத்தி வைத்து, நான்காவதாக ஆட்டுக்கறி. கறி உண்டு என்று தெரிந்தவன் மூன்றோடு எழுந்து போக மாட்டான். முதலாளி தோன் நிகானோர் வகுத்த வரிசை அது. கறியைச் சமைத்தவள் ஒதிலியா.

அந்தக் கறிக்காகக் குடிப்பவர்களில் ஒருவன் அவள் தம்பி எலிஹியோ. போன மாதம் அவன் இரத்த வாந்தி எடுத்தான். ஈரல் போய்விட்டது, இனி ஒரு துளிகூடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பினார்கள். பத்து நாள் வீட்டில் இருந்தான். பிறகு ஜன்னலோர மேசையில், டொமினோ கூட்டாளிகள் மூன்று பேரோடு பழையபடி உட்கார்ந்துவிட்டான்.

"உன் கறிக்குத்தான்க்கா வர்றேன்," என்றான். "நாலு சுத்து போனாத்தானே குடுக்கிறீங்க, நான் என்ன பண்ண?"

வீட்டிலேயே சமைத்து வைத்துப் பார்த்தாள். தனியாகத் தின்றால் இறங்கவில்லை என்றான்.

அன்று தோன் நிகானோர் தங்கை மகளின் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். பரிமாறுகிற லாசரோ ஜன்னலோர மேசையின் முதல் சுற்றுக்குத் தட்டு கேட்டு வந்தபோது, ஒதிலியா சூப்பை மொள்ளவில்லை. அகலத் தட்டில் கறியை அள்ளி, சூடான சோள ரொட்டிகளை மேலே அடுக்கினாள்.

"அக்கா, இது நாலாவதுக்கு."

"இன்னைக்கு முதலுக்கு. கொண்டு போ."

"முதலாளிக்குத் தெரிஞ்சா உங்களையும் என்னையும் இதே பானையில போட்டு மூடிடுவாரு."

"நீ ஒல்லி, சீக்கிரம் வெந்துடுவே. போ."

பரிமாறும் சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோர மேசையில் கறி இறங்கியதும் கூடமே திரும்பியது.

"என்னடா இது, நிகானோர் செத்துட்டானா?"

"செத்தா கறி போடுவானா? அதுக்கும் நம்மகிட்டத்தான் காசு கேப்பான்!"

எலிஹியோவின் முன்னால் மண்குவளை இருந்தது. டெக்கீலாவில் பம்பளிமாஸும் ஆரஞ்சும் பிழிந்து, விளிம்பில் உப்புத் தடவியது. அவன் ஒரு ரொட்டியை எடுத்தான், இரண்டாக மடித்தான், தட்டின் ஓரத்தில் வைத்தான். குவளையைக் காலி செய்தான். லாசரோவைப் பார்த்து விரலைச் சுழற்றினான். அடுத்த சுற்று.

சமையல்காரி கூடத்துக்கு வருகிற வழக்கமில்லை. ஒதிலியா ஏப்ரனோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"கறி வந்துடுச்சேடா. தின்னுட்டுக் கிளம்பு."

"நல்லா இருக்குக்கா."

"நீ இன்னும் வாயிலயே வைக்கல."

"ஆட்டம் நடக்குது. உள்ள போக்கா."

எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் கிரெசென்சியோ வாய் நிறையக் கறியோடு சிரித்தார். "அவனை ஏன் தங்கச்சி வம்புக்கு இழுக்கிறே? அவன் என்னைக்குத் தின்னான்? அவன் பங்கு எப்பவும் எனக்குத்தான். இந்தத் தொப்பை உன் கைவண்ணம்!"

மேசை சிரித்தது. எலிஹியோ சிரிக்கவில்லை. தன் டொமினோக் கட்டைகளை நேராக நிறுத்தினான்; ஏற்கெனவே அவை நேராகத்தான் இருந்தன.

பொதுத்தட்டு. யார் தின்றது, யார் தின்னாதது என்று தட்டில் தெரியாது. துடைத்தாற்போல் திரும்பி வரும் தட்டைப் பார்த்து, தம்பி வயிறு நிறைந்தது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அவனை இங்கே இழுப்பது தன் கைதான் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் அழுதிருந்தாள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் உள்ளே திரும்பினாள். பின்னாலேயே லாசரோ வந்தான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தாம்பாளத்தைத் துடைத்தான். "எல்லாருக்கும் தெரியும்க்கா. நீங்க தட்டைப் பாத்துச் சந்தோஷப்படுவீங்க. யாரு சொல்றது?"

அவள் கறிப் பானையை மூடினாள்.

"அந்த மேசைக்கு ரெண்டாவது சுத்து," என்றான் தணிந்த குரலில். "என்ன கொண்டு போக?"

குடித்த மேசைக்குத் தட்டு போயாக வேண்டும். ஒதிலியா கரண்டியை எடுத்து இறால் சூப்பைக் கலக்கினாள். மூன்று பேருக்கு மட்டும் ஊற்றினாள்.