கேட்டுக்கொண்டே இருப்பவர்கள்

வக்கீல் பிரியதர்ஷினி செல்போனை அரிசி டிரம்மின் மேல் சாய்த்து வைத்தாள். திரையில் நரைத்த தலையோடு ஓர் அயல்நாட்டு அம்மாள் தெரிந்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஐ.நா.வுக்கு அறிக்கை தரும் நிபுணர் குழுவில் ஒருவர். எந்த அரசாங்கத்திடமும் சம்பளம் வாங்காதவர். பனித்திட்டு மீனவக் குப்பத்துச் சத்யாவின் கணவன், மீன்பிடிக்கப் போன கலைவேந்தனை நடுக்கடலில் வேற்று நாட்டு ரோந்துக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய் நான்கு வருடம் ஆகிறது. உடன் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். அவனைப் பிடிக்கவே இல்லை, கடலில் விழுந்திருப்பான் என்கிறது அந்த நாடு. பழியைக் கடல்மேல் போடுவது சுலபம். கடல் வந்து மறுக்கப்போவதில்லை.

"அவங்க மீட்டுத் தருவாங்களாம்மா?" என்று சத்யா முன்பே கேட்டிருந்தாள்.

"அதிகாரம் கெடையாதுக்கா. எங்க அவருன்னு அந்த நாட்டைக் கேப்பாங்க. பதில் வர்ற வரைக்கும் கேட்டுக்கினே இருப்பாங்க. நீங்களே செத்துட்டாருன்னு காரியம் பண்ணிட்டா, அதையே பதிலாக் காட்டிடுவானுங்க."

காரியம் புதன்கிழமை. மகள் சுகன்யாவைப் பெண் பார்த்துப் போன பூரணாங்குப்பத்துக்காரர்கள், அப்பன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்கிறார்கள். கலைவேந்தனின் அண்ணன் நாகமுத்து கெட்டவரில்லை. தம்பி மகளைக் கரையேற்ற வேண்டுமே என்று அலைகிறவர். காலையில் அவரே தம்பி படத்துக்கு மாலை போட்டுக் குங்குமமும் வைத்துவிட்டார். சத்யாவால் தடுக்கவும் முடியவில்லை, ஏறெடுத்துப் பார்க்கவும் முடியவில்லை. படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள். அதனாலேயே அவளுக்குப் பின்னால் படம் போனில் நன்றாகத் தெரிந்தது.

அந்த அம்மாள் படத்தைக் காட்டிச் சிரித்தபடி ஏதோ கேட்டார். பிரியதர்ஷினி தயங்கினாள்.

"இன்னா கேக்கறாங்க?"

"பூவெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே... அவரு திரும்பி வருவாருன்னு நம்பித்தானான்னு கேக்கறாங்கக்கா."

சத்யாவிடம் இத்தனை நாளில் மனசைத் தேற்றிக்கொள் என்று சொன்னவர்கள்தான் உண்டு; வருவாரா என்று ஒருத்தர் கேட்டதில்லை. ஆமாம் என்றால் மகளின் கல்யாணம் போயிற்று. இல்லை என்றால் அவனைத் தேட உலகத்தில் ஒரு நாதி இருக்காது.

"புள்ள வாழ்க்கைம்மா. பாத்துச் சொல்லு," என்றார் வாசலில் நின்ற நாகமுத்து.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகன்யா எழுந்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறி, மாலையைக் கழற்றினாள்.

"ஏய், இன்னாடி பண்றே?"

"அவங்க கேட்டுக்கினே இருக்கட்டும், பெரிப்பா."

துப்பட்டா முனையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். குங்குமம் போகவில்லை, அப்பாவின் நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பாக இழுபட்டது. எச்சில் தொட்டுத் தொட்டு அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள். திரையில் அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.