அடிமூட்டை

குன்னம் பக்கத்துச் செல்லப்பன் சின்ன வெங்காயம் விற்பதில் கெட்டிக்காரர். மூட்டை வாயில் மணிமணியாகப் பொறுக்கி வைப்பார். சொத்தையெல்லாம் அடியில் கிடக்கும். விதை வெங்காயம் வாங்கப் போனாலோ, முதலில் கையை அடிமூட்டைக்குள் விட்டுத்தான் பேச்சே. எவனையும் நம்புகிற ஆள் இல்லை.

அவருக்கு நெற்றிப்பொட்டில் வலி வந்தது. தலையில் துண்டு கட்டினால் எரிந்தது. முறுக்கு மென்றால் தாடை கடுத்தது. அரியலூர் டாக்டர் பார்த்துவிட்டு, பொட்டில் ஓடும் ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம், விட்டால் பார்வையே போய்விடும் என்று மாத்திரை கொடுத்தார். குழாயில் சிறு துண்டை வெட்டிப் பரிசோதனைக்கும் அனுப்பினார்.

மாத்திரையில் வலி பறந்தது. துண்டை மெலிசாகச் சீவிப் பார்த்ததில், முதல் சீவலில் நோய் தெரியவில்லை என்று சேதியும் வந்தது.

“நான் சொல்லல? எல்லாம் டாக்டருங்க யாவாரம். மாத்திரையத் தூக்கிக் குப்பையில போடு.”

மனைவி வேணி போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு, “அதை ஆசுபத்திரிக்கே வந்து சொல்லுங்க” என்று பஸ் ஏற்றிவிட்டாள், தானும் ஏறினாள்.

பரிசோதனைக்கூட டாக்டர் கவியா சின்னப் பெண். “ஐயா, ஒரு சீவலை வச்சு இல்லைன்னு சொல்லக் கூடாதுங்க. இந்த நோய் கொழாயில எடம் வுட்டு எடம் வரும். அதே துண்டை இன்னும் உள்ள சீவிப் பாத்தேன். இருக்கு.”

“அன்னிக்கு இல்லாதது இன்னிக்கு எப்புடி மொளைச்சுது? காட்டு பாப்போம்.”

மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தாள். முதல் கண்ணாடிச் சில்லில், குறுக்கே சீவிய குழாயின் நடுவே அகலமான ஓட்டை. அதைச் சுற்றி நெளிநெளியாக ஒரு கோடு, எங்கும் அறுபடாமல்.

சில்லை மாற்றினாள். இதில் குழாயின் சுவர் உள்ளுக்குள் தடித்து, ஓட்டை ஊசிக்காது போல இடுங்கிக் கிடந்தது. நெளிகோடு துண்டு துண்டு. சுவரெங்கும் ஊதாப் புள்ளிகள் மொய்த்தன. நடுநடுவே பூதம் மாதிரி சில. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கொத்தாகப் புள்ளிகள்.

“இது என்னா, இம்மாம் பெருசு?”

“பல செல்லு ஒண்ணாச் சேந்துடுச்சுங்க. இந்த நோயைக் காட்டிக் குடுக்கறதே அதான்.”

“ரெண்டும் ஒரே துண்டா?”

“ஒரே துண்டுதாங்க. மேல ஒண்ணு, அடியில ஒண்ணு.”

செல்லப்பன் நிமிர்ந்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

“அடப்பாவி! என் வேலையை எங்கிட்டயே காட்டியிருக்கு பாரேன்!”

கவியா விழித்தாள். வேணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மாத்திரையக் குடுடி.”

வேணி முடிச்சை அவிழ்த்தாள். “அப்ப இனிமே மூட்டையில அப்புடி வைக்க மாட்டீங்கள்ல?”

மாத்திரையை விழுங்கித் தண்ணீரும் குடித்துவிட்டுத்தான் அவர் பதில் சொன்னார்.

“அது யாவாரம்டி. இது கண்ணு.”