கும்பிடு வீட்டைக் கேட்டு வந்தவர்கள்

கிட்ட வாங்க, என் தங்கங்களே. பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், மழைச் சத்தத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. இன்றைக்கு ஒரு வீட்டின் கதை. வீட்டை விற்க வைத்தார்கள், வாங்க ஆட்கள் வந்தார்கள், இதில் கதை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். வந்தவர்களை அழகாயி என்ன பாடு படுத்தினாள் என்பதில்தான் இருக்கிறது. கேட்டு முடிக்கும்போது உங்கள் நெஞ்சும் ஒரு விரற்கடை நிமிராவிட்டால் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

இரத்தோட்டையிலிருந்து மலைப்பக்கம் ஏறுகிற பாதையில், தேயிலை முடிந்து ஏலக்காடு தொடங்குகிற இடத்தில் அந்த வீடு நிற்கிறது. பக்கச் சுவரே இல்லாத வீடு. இரண்டு பக்கத்துக் கூரையும் உச்சியில் ஒன்று சேர்ந்து, அங்கிருந்து சரிந்து தரைவரைக்கும் இறங்கிவிடும். முன்னாலும் பின்னாலும் மட்டும் பலகை அடித்துக் கதவு வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுகிற மாதிரி இருக்கும். அதனால் சுற்றுவட்டாரத்தில் அதற்குக் கும்பிடு வீடு என்று பெயர்.

கட்டியவர் மகாலிங்கம். யாழ்ப்பாணத்துப் பக்கத்து மனிதர், மாத்தளையில் அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டின் கலண்டர் படத்தில் அப்படியொரு வீட்டைக் கண்டு மயங்கி, எழுபதுகளில் அந்தக் காட்டுக் காணியை வாங்கிக் கட்டினார். எண்பத்து மூன்றில், தமிழர்களை அடித்து விரட்டிய ஆடிக் கலவரத்தில் உடுத்த துணியோடு வடக்கே போனார். போகும்போது தன்னுடைய ஏலக்காட்டில் வேலை செய்த அழகாயியின் கையில் சாவியைக் கொடுத்து, "பூட்டி வைக்காதை பிள்ளை, புழங்கிக்கொண்டிரு" என்றார். திரும்பி வரவில்லை. அங்கேயே கண்ணை மூடிவிட்டார்.

அழகாயியும் அவள் புருஷன் செல்லையாவும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்து அங்கே புழங்கினார்கள். பிள்ளைகள் அங்கேதான் வளர்ந்து, கல்யாணம் முடித்துப் போனார்கள். துருப்பிடித்த தகரத்தை மாற்றியது அழகாயி. கறையான் ஏறிய பலகையைக் கழற்றிப் புதுப்பலகை அடிக்க வைத்தது அழகாயி. காட்டில் ஒரு மரத்தை யாரும் தொட்டால், கத்தியோடு போய் நின்றதும் அவள்தான்.

இப்படி இருபது வருடம் போனது. சண்டை நின்று, வடக்குப் பாதை திறந்திருந்த இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாலிங்கத்தின் மகள் சுசீலாதேவி வந்தாள். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை, கல்யாணம் கட்டாதவள், ஓய்வு பெறுகிற வயது.

"அழகாயி, இதை விக்கத்தான் வேணும். சாவகச்சேரியில எங்கட வீட்டுக்குக் கூரையில்லை, செல் விழுந்து போச்சு. தங்கச்சி பிள்ளையளோட தறப்பாள் சீலையைக் கட்டிக்கொண்டு அதுக்குக் கீழ கிடக்கிறாள். கோவிக்காதேங்கோ."

"நான் ஏம்மா கோவிக்கப்போறேன்? ஒங்க வீடு, ஒங்க காணி."

வாய் சொல்லிவிட்டது. கை வாசல் நிலையை விடவில்லை. வீடு போனால் இருவரும் லயத்துக்குத்தான் திரும்பவேண்டும். அங்கே மகன் வீட்டில் இருப்பதே ஒரு காம்பரா, ஒற்றை அறை. அதற்குள் மகன், மருமகள், பிள்ளைகள். படுத்தால் கால் நீட்ட இடமில்லை.

சுசீலாதேவி வேலியில் விற்பனைப் பலகையைக் கட்டிவிட்டு, வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டும் பொறுப்பையும் அழகாயியிடமே கொடுத்துவிட்டுப் போனாள். பஸ் கண்ணுக்கு மறைந்ததும் செல்லையா குந்திக்கொண்டு திட்டம் சொன்னான்.

"இந்தா புள்ள, லேசான வேல. வர்றவன்கிட்ட வீட்டப் பத்தி ஒரு குத்தம் சொல்லு, போதும். அலுமாரிய சாத்தி வைக்க செவுரு இல்ல. ஓரத்துல நிமிந்தா மண்ட இடிக்கும். அட்டக்கடி. மழ பேஞ்சா தகரத்துச் சத்தத்துல புருசன் பொஞ்சாதி பேசிக்க முடியாது."

"அது ஒங்களுக்கு நல்லதுதானே?"

"எனக்கு நல்லதுதான். வாங்க வர்றவனுக்குச் சொல்லாத. எவனும் வாங்கலன்னா நாம பாட்டுக்கு இருக்கலாம்."

அழகாயி தலையை ஆட்டினாள். ஆனால் மறுவாரம் ஆள் வருகிறார்கள் என்று கேட்டதும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. வாசலைக் கூட்டிச் சாணி தெளித்துக் கோலம் போட்டாள். நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். குத்துவிளக்கைப் புளிபோட்டுத் தேய்த்தாள். அரிசி முறுக்குச் சுட்டாள். கடைசியில் தானும் குளித்து, நல்ல சேலை உடுத்தி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

செல்லையா மேலும் கீழும் பார்த்தான். "என்னாடி இது? பொண்ணு பாக்கவா வர்றாங்க?"

"பின்ன? நாலு பேரு வந்து பாக்கப்போறாங்க. அழுக்கோடயா நிப்பாட்டுறது?"

அவள் செய்த தப்பு அதுதான் என்று செல்லையா கடைசிவரை சொல்லுவான். விற்கிற வீட்டைக் கட்டிக்கொடுக்கிற பெண்ணாக நினைத்துவிட்டாள்.

முதலில் வந்தவர் சுந்தரலிங்கம். கொழும்பில் கம்பனி உத்தியோகம், வெள்ளை வேன், கறுப்புக் கண்ணாடி. வேனை விட்டு இறங்கியதும் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"இதென்ன, வீடா, கோழிக்கூடா?"

செல்லையாவுக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆமாங்க ஐயா, கோழிக்கூடுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆள் அப்படியே திரும்பிவிடுவார். ஆனால் அழகாயியின் முகம் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

"கோழிக்கூடா? உள்ள வந்து பாத்துட்டுப் பேசுங்க ஐயா. அந்த உச்சிக் கட்டைய அண்ணாந்து பாருங்க. முழுப் பலா. ஒட்டு இல்ல. ரிவஸ்டன் மலக் காத்துக்கு இங்க எத்தன வீட்டுக் கூர பறந்திருக்குன்னு ஊருல கேளுங்க. இது அசையல. ஏணியில ஏறிப் பரணப் பாருங்க. ஏலம் காயவச்ச பரண், இன்னும் மணக்குது. அந்தச் சன்னல்கிட்ட நின்னா காலையில மொத வெயிலு ஒங்க மூஞ்சிலதான் விழும்."

சுந்தரலிங்கம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பரணில் ஏறினார். சன்னலருகே நின்றார். இறங்கி வரும்போது சிரிப்பு இல்லை, ஆசைதான் இருந்தது. "நான் எடுக்கிறேன்" என்றார்.

செல்லையா நெற்றியில் அடித்துக்கொண்டான்.

பெண்ணைக் கேட்டுவிட்டார்கள். இனிப் பெண் வீட்டார் விசாரிக்க வேண்டாமா? அழகாயி கித்துள் மரத்துக் கருப்பட்டியும் பிளேன்டீயும் முறுக்கும் முன்னால் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினாள்.

"ஐயா வீட்டுல எத்தன பேரு?"

"நாலு பேர். ஏன்?"

"இங்கயேதான் இருப்பீங்களா?"

"இங்கேயா? சேச்சே. லீவுக்கு வந்து போகத்தான்."

"மத்த நாளுக்கு?"

"பூட்டிக் கிடக்கும். முன்னுக்கு நிற்கிற மரங்களைத் தறித்துவிட்டுப் புல்லுப் போடவேணும். பார்வைக்கு நல்லா இருக்கும்."

அழகாயி தேநீர்க் கோப்பையை மெதுவாக எடுத்துக்கொண்டாள். "சரிங்க ஐயா. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

மனிதருக்குப் புரியவில்லை. புரிந்தவன் செல்லையா. பெண்ணைத் தரமாட்டோம் என்பதற்கு அதைவிட மரியாதையான வார்த்தை நம்மவர்களிடம் இல்லையே.

அடுத்து வந்தவள் சீகிரியாப் பக்கத்தில் ஹோட்டல் வைத்திருந்த ஒரு சிங்களப் பெண்மணி, நோனா என்பார்கள். அவளுக்கும் அதே கோலம், அதே முறுக்கு, அதே விசாரணை, சிங்களத்தில். வெள்ளைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவேன் என்றாள் அவள். "வாரத்துக்கு ஒரு ஆளா?" என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, நோனாவுக்கும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள் அழகாயி. வந்தவர்கள் எல்லாருக்கும் வீட்டின்மேல் ஆசை வந்தது. ஆனால் ஒருவரைக்கூட அழகாயிக்குப் பிடிக்கவில்லை.

சுந்தரலிங்கம் சும்மா இருப்பாரா? சுசீலாதேவிக்குப் போன் எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்த வேகத்தில் குடை கவிழ்ந்தது.

"அழகாயி! வாற ஆக்களை எல்லாம் வேண்டாமெண்டு அனுப்பினீங்களாமே? ஆர் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்தது?"

"பெத்தவங்க நீங்க, நான் இல்லேங்கல. வளத்தவ நான். பூட்டி வைக்கிறவனுக்கும் வாடகைக்கு விடுறவளுக்கும் எப்படிம்மா குடுக்குறது?"

சுசீலாதேவி கோலத்தைப் பார்த்தாள், மஞ்சள் பூசிய நிலையைப் பார்த்தாள், தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்தாள். கோபத்துக்குள்ளேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கட ஊரில பொம்பிளைக்கு வீட்டைச் சீதனமாக் குடுக்கிறவை. நீங்கள் வீட்டையே பொம்பிளையாக்கிப் போட்டியள். இதுவும் எனக்குச் சீதனமெண்டு அப்பா கட்டினதுதான்." சிரிப்பு அப்படியே அடங்கியது. "ஆனா அங்க மழை தொடங்கப்போகுது, அழகாயி. தங்கச்சி இன்னும் தறப்பாளுக்குக் கீழதான்."

அழகாயிக்கு அது சுருக்கென்று தைத்தது. அந்தப் பிள்ளைகளை அவள் நினைக்கவே இல்லையே. "அடுத்து வர்றவருக்குக் குடுத்துருங்கம்மா. நான் வாயத் தொறக்கல" என்றாள்.

அன்றைக்கே வந்தார் ரவூப் முதலாளி. மாத்தளை டவுனில் ஏலம், மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர். கூடவே அவர் மனைவி ஹமீமா. ரவூப் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. காட்டுக்குள் போய், மரத்தைத் தட்டி, மண்ணைக் கிள்ளி மோந்து, ஏலத்தூரைப் பிரித்துப் பார்த்து, கணுக்காலில் அட்டையோடு திரும்பி வந்தார்.

"மாஷா அல்லாஹ், நெழல ஒரு எடத்துலயும் கெடுக்கல. இப்பிடிக் காட்ட நான் இந்தப் பக்கத்துல கண்டதில்ல. சுசீலா மிஸ், காணிய நான் எடுக்கிறேன், நாளைக்கே உறுதிப் பத்திரம் எழுதலாம். ஒரு மரம் விழாது. மரம் விழுந்தா எனக்கு ஏலம் ஏது? ஆனா வீடு வாணாம்."

"ஏன் வேண்டாம்?"

பதில் சொன்னது ஹமீமா. "அந்த ஏணியில நான் ஏறுறதா? டவுன்ல எங்களுக்கு வீடு இருக்கி. வீடு நிக்கிற காணித் துண்டை வெட்டி வேற ஆருக்காச்சும் குடுங்க மிஸ்."

காணி விற்றால் சாவகச்சேரிக் கூரைக்குப் போதும். அதைக் கேட்டதும் சுசீலாதேவியின் முகம் தெளிந்தது. ஆனால், "காடில்லாமல் தனி வீட்டை ஆர் கேட்டு வரப்போகினம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அழகாயி எழுந்து உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செல்லையா பீடியைப் பற்றவைத்தான்.

கொஞ்ச நேரத்தில் வேலிப் படலை திறக்கிற சத்தம் கேட்டது. பார்த்தால் அழகாயி! பின்கதவால் போய்ச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து நிற்கிறாள். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பூ. கூறைச் சேலையை எப்போதுதான் எடுத்து உடுத்தினாளோ!

"என்னாடி, எங்க போய் எங்க வர்ற?" என்றான் செல்லையா.

"எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க. நீங்க மாப்பிள்ள வீட்டு ஆளு." அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சுசீலாதேவியைப் பார்த்தாள். "அம்மா, நாங்க பொண்ணு கேட்டு வந்திருக்கோம்."

தேங்காய் தாம்பாளத்தில் உருண்டது, அழகாயி ஒரு கையால் அதை நிறுத்தினாள். ஆனால் தலை குனியவில்லை.

"இத்தன வருசமா எனக்குக் கேக்கத் தோணல. எங்களுக்குக் காணி பூமின்னு ஒண்ணு உண்டுன்னே நெனச்சுப் பழகல. தோட்ட வேலைக்கு வந்தவங்கன்னு ஒதுக்கி வச்சிருந்த எங்களையும் போன வருசம்தான் இந்த நாட்டு ஆளுங்கன்னு ஏத்துக்கிட்டாங்க. இப்ப நான் கேக்கலாம்தானேம்மா? எவன் எவனோ கேட்டான். அவனுங்க எல்லாரவிட நான் நல்ல எடம்."

சுசீலாதேவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெண் வீட்டார் அல்லவா, விசாரிக்க வேண்டுமே.

"வீட்டில எத்தினை பேர்?"

"நாங்க ரெண்டு பேரு. பொங்கல் தீபாவளிக்குப் பேரப்புள்ளைங்க அத்தனையும்."

"இங்கயே இருப்பியளோ?"

"சாகுறவரைக்கும்."

"மாப்பிள்ளை வீட்டில குடி கிடி உண்டோ?"

அழகாயி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "சம்பளத்தன்னைக்கு மட்டும் கொஞ்சம். மறைக்க மாட்டேன்."

ஹமீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ரவூப் சத்தமாகவே சிரித்தார். சுசீலாதேவிக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. எழுந்து, இரண்டு கையையும் நீட்டித் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

"சீதனம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ அழகாயி. அப்பாவும் இதைத்தான் செய்திருப்பார்."

"சும்மா வாங்க மாட்டேன்மா."

"ஆர் சும்மா தாறது? தகரம் மாத்தினது ஆர்? பலகை அடிச்சது ஆர்? கலவரத்துக்குப் பிறகும் இந்த வீடு நிக்குதெண்டா ஆராலை? நான் தராட்டி எனக்குத்தான் வெக்கம்."

அப்படித்தான் ஆனது. காடு ரவூப் முதலாளிக்கு, வீடும் அதைச் சுற்றின துண்டும் அழகாயிக்கு. மாத்தளையில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு உறுதியை வாசித்துக்காட்டினார். காணிக்குச் சொந்தக்காரி என்று தன் பெயரும், கொழுந்து எடுத்தே ஓய்ந்துபோன தன் அப்பன் காளிமுத்துவின் பெயரும் வந்த இடத்தில், "அத இன்னொரு தடவ சத்தமா வாசிங்க ஐயா" என்றாள் அழகாயி. வாசித்தார். நடு மேசையில் காகிதத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். அவளுடைய வம்சத்தில் அப்படி ஒரு உறுதியில் பெயர் எழுதிய முதல் ஆள் அவள்.

திரும்பி வருகிற இரத்தோட்டை பஸ்ஸில் செல்லையா வாயை மூடவில்லை. ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லாரிடமும், "கேட்டுக்கங்க, இந்த வயசுல நான் வீட்டோட மாப்பிள்ள ஆயிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அழகாயி சன்னலோரம் உட்கார்ந்து, உறுதியை மடியில் வைத்து, முதுகை இருக்கையில் சாய்க்காமலே வந்து சேர்ந்தாள்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. மழையும் விட்டுவிட்டது, எழுந்து போங்கள். நீங்கள் ஆசைப்பட்டதை நிமிர்ந்து நின்று கேட்கிற தைரியம் உங்களுக்கு வரட்டும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நோயில்லாமல் இருக்கட்டும், சிறுசுகள் சிரித்துக்கொண்டே வளரட்டும், வாசல் தேடி வருகிறவர்கள் வயிறு நிறைந்து வாழ்த்திப் போகட்டும். நல்லா இருங்கள், குடும்பத்தோடு நல்லா இருங்கள்.